"போகாது" என்று நான் சொல்லிக் கொடுத்த கணக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை நீ என்னோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பேத்தி "மூன்றில் ஐந்து போகுமா, அப்பா?" என்று கேட்டதும், நீ பேச்சை நிறுத்தாமலேயே "போகாது" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்ததும் என் காதில் விழுந்தன. உன்மீது குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதே சொல்லை அதே குரலில் உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அதனால் நீ பட்ட பாடும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் 43-இலிருந்து 17-ஐக் கழித்து 34 என்று எழுதிக்கொண்டு வந்தாய். கவனக்குறைவு என்று நினைத்து அதட்டினேன். எப்படி வந்தது என்று பிறகு கேட்டபோது, "மூன்றில் ஏழு போகாது, ஏழில் மூன்று போகும், மீதி நான்கு" என்றாய். நான் கொடுத்த விதியை நீ ஒழுங்காகத்தான் பின்பற்றியிருந்தாய். சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்கக் கூடாதென்றால், பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பதைத் தவிர குழந்தைக்கு வேறு என்ன வழி தோன்றும்? பக்கத்து இடத்தில் கடன் வாங்கு என்று சொல்லி, 13-இல் 7 போக 6, 3-இல் 1 போக 2, ஆக 26 என்று போட்டுக்காட்டி உன்னை அனுப்பிவிட்டேன். மூன்றில் ஏழு போனால் நான்கு குறை என்று மட்டும் சொல்லியிருந்தால், 40-இல் 10 போக 30, அதில் நான்கு குறைய 26 என்று கடனே வாங்காமல் நீயே விடைக்கு வந்து சேர்ந்திருப்பாய்.

கணக்கில் "முடியாது" என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு என்பதை நான் மிகவும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஒன்று, கையில் இருக்கும் எண்களை வைத்துக்கொண்டு முடியாது. புதிய எண்களைச் சேர்த்துக்கொண்டால் முடியும். மற்றொன்று, எத்தனை எண்களைச் சேர்த்தாலும் முடியாது. எண்களின் வகைகளாகப் பள்ளிப் புத்தகம் அடுக்கும் பெயர்களில் பெரும்பாலானவை முதல் வகை "முடியாது" ஒவ்வொன்றையும் தீர்த்துவைக்கப் பிறந்தவை. அந்த வரலாற்றைச் சொல்லாமல் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பதால்தான், எட்டாம் வகுப்பில் நீ அந்தப் பட்டியலைப் பார்த்து எரிச்சலடைந்தாய் என்று நினைக்கிறேன்.

எண்ணுவதற்குப் பயன்படும் 1, 2, 3 முதலியவை இயல் எண்கள். அவற்றோடு சுழியை, அதாவது பூச்சியத்தைச் சேர்த்தால் முழு எண்கள். சுழிக்கும் கீழே உள்ள -1, -2 போன்ற குறையெண்களையும் சேர்த்தால் முழுக்கள். ("முழு எண்கள்", "முழுக்கள்" என்று இவ்வளவு நெருக்கமாகப் பெயர் வைத்தவர்கள் குழந்தைகளைப் பற்றிச் சற்று யோசித்திருக்கலாம்.) இயல் எண்களுக்குள் எவ்வளவு கூட்டினாலும் பெருக்கினாலும் வெளியே போகமாட்டாய், கழித்தால் வேலி தாண்ட நேரலாம். 628-இல் கணித அறிஞர் பிரம்மகுப்தர் தம் பிரம்மஸ்புட சித்தாந்தம் என்ற நூலில் மிகையெண்ணைச் செல்வம் என்றும் குறையெண்ணைக் கடன் என்றும் பெயரிட்டு, அவற்றையும் சுழியையும் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் எழுதிவிட்டார். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும், 18-ஆம் நூற்றாண்டில்கூட, ஐரோப்பிய அறிஞர்கள் சிலர் குறையெண் என்பது பொருளற்றது என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஏழு வயதுக் குழந்தை தயங்குவதில் வியப்பில்லை. ஆனால் "போகாது" என்று கதவைச் சாத்திவிட வேண்டியதும் இல்லை.

இரண்டாம் வகை "முடியாது" எது என்பதையும் அவள் ஒரு நாள் கேட்பாள். சுழியால் வகுப்பதுதான் அது. 6-ஐ 2-ஆல் வகுத்தால் 3 என்கிறோமே, 3-ஐ 2-ஆல் பெருக்கினால் 6 திரும்பக் கிடைக்கிறது என்பதுதான் அதன் பொருள். 6-ஐச் சுழியால் வகுத்தால் வரும் விடையைச் சுழியால் பெருக்கும்போது 6 கிடைக்க வேண்டும். எதைச் சுழியால் பெருக்கினாலும் சுழிதான் வரும் என்பதால் அப்படி ஒரு விடை இருக்க வழியில்லை. சுழியைச் சுழியால் வகுத்தாலோ எதிர்த் தொல்லை: எந்த எண்ணை விடையாகச் சொன்னாலும் பொருந்திவிடுகிறது. பிரம்மகுப்தரே இந்த இடத்தில் சறுக்கி, சுழியைச் சுழியால் வகுத்தால் சுழி என்று எழுதியிருக்கிறார். இதற்காக ஒரு புதிய எண்ணை உண்டாக்கிக்கொள்ளலாமே என்று அவள் கேட்டால், உண்டாக்கினால் பழைய எண்களின் விதிகள் உடைந்துபோகும், குறையெண்களைச் சேர்த்தபோது அப்படி எதுவும் உடையவில்லை என்று சொல்.

கடன் வாங்குவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பக்கத்து இடத்தில் ஒன்றைக் கடன் வாங்கினால் பத்து வருவது, நாம் பத்தை அடிப்படையாக வைத்து எண்களை எழுதுவதால்தான். கடிகாரக் கணக்கில் 3 மணி 15 நிமிடத்திலிருந்து 40 நிமிடத்தைக் கழிக்கச் சொல்லிப் பார். ஒரு மணியைக் கடன் வாங்கினால் அறுபது வருகிறது, 75-இல் 40 போக 35, விடை 2 மணி 35 நிமிடம். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியர் அறுபதின் அடிப்படையில் எண்களை எழுதிய முறையின் எச்சம் இது. கணினிக்குள் அடிப்படை இரண்டு. அங்கே நம் 43 என்பது 101011 என்று நிற்கும். எழுத்து மாறினாலும் எண் மாறுவதில்லை: 43 பகா எண் என்றால் 101011 என்ற உருவிலும் அது பகா எண்தான். எண்முறை வேறு, எண்ணின் வகை வேறு; இந்த இரண்டையும் நீ பல காலம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தாய்.

வகுத்தல் மீதியோடு நின்றபோது பின்னங்கள் வந்தன. ஒரு முழுவை மேலேயும் சுழியல்லாத ஒரு முழுவைக் கீழேயும் வைத்துப் பின்னமாக எழுதக்கூடியவையெல்லாம் விகிதமுறு எண்கள். தமிழில் அரைக்கால் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு பெருக்கல் அடங்கியிருக்கிறது, காலில் அரை என்பதால் எட்டில் ஒன்று. அதைப் பேத்திக்குச் சொல்லிப் பார், ரசிப்பாள். ஆனால் நான் உன்னோடு சேர்ந்து மீண்டும் போட்டுப் பார்க்க விரும்புவது 1-ஐ 7-ஆல் வகுக்கும் கணக்கு. ஒரு தாளை எடுத்துக்கொள். 10-இல் ஏழு ஒரு முறை, மீதி 3. 30-இல் நான்கு முறை, மீதி 2. 20-இல் இரண்டு முறை, மீதி 6. 60-இல் எட்டு முறை, மீதி 4. 40-இல் ஐந்து முறை, மீதி 5. 50-இல் ஏழு முறை, மீதி 1. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம், எனவே 142857 என்ற ஆறு இலக்கங்களும் இனி முடிவில்லாமல் சுழலும். ஏழால் வகுக்கும்போது மீதி சுழி ஆகாவிட்டால் 1 முதல் 6 வரை ஏதேனும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆறு மீதிகளும் தீர்ந்த பிறகு பழையதில் ஒன்று திரும்பி வந்தே தீரும். விகிதமுறு எண் ஒவ்வொன்றின் தசம வடிவமும் முடிவுறும் அல்லது சுழலும் என்ற பெரிய உண்மைக்கு அந்த மீதிகள்தான் காரணம். நான் படித்த காலத்தில் இதை விதியாக எழுதிப் போட்டார்களே தவிர, மீதிகளை யாரும் எண்ணிக் காட்டவில்லை.

அப்படியானால் முடியாமலும் சுழலாமலும் ஓடும் தசமம் எந்தப் பின்னத்துக்கும் உரியதாக இருக்க முடியாது. பக்கம் 1 உள்ள சதுரத்தின் மூலைவிட்டம், அதாவது 2-இன் வர்க்கமூலம், அத்தகையது. அதைச் சுருக்கிய பின்னமாக எழுத முடியும் என்று வைத்துக்கொண்டால், தொகுதியின் வர்க்கம் பகுதியின் வர்க்கத்தைப்போல் இரு மடங்கு. ஆகவே தொகுதி இரட்டைப்படை. அதை வேறோர் எண்ணின் இரு மடங்காக எழுதி இட்டுப் பார்த்தால் பகுதியும் இரட்டைப்படை என்று வந்து நிற்கிறது. இரண்டும் இரட்டைப்படை என்றால் அந்தப் பின்னம் சுருக்கியதே அல்ல. இவைதான் விகிதமுறா எண்கள். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை என்பதும் இவ்வகைதான் என்பதை 1761-இல் லாம்பர்ட் என்ற கணித அறிஞர் நிறுவினார். தேர்வில் நீ பை விகிதமுறு எண் என்று எழுதி, 22/7 என்று காரணமும் காட்டி மதிப்பெண்ணை இழந்தது நினைவிருக்கிறதா? 22/7 என்பது 3.142857 என்று சுழல்வது, பை 3.14159 என்று தொடங்கி எங்கும் சுழலாதது. பை 22/7-ஐவிடச் சிறியது என்பதை ஆர்க்கிமிடீசே காட்டிவிட்டார். நீ எழுதியதற்கும் நான்தான் பொறுப்பு, ஏனென்றால் தோராயமாக என்ற சொல்லை விட்டுவிட்டுத்தான் நான் சொல்லிக் கொடுத்தேன்.

விகிதமுறு எண்களும் விகிதமுறா எண்களும் சேர்ந்தவை மெய்யெண்கள். அவற்றுக்கும் அப்பால் குறை ஒன்றின் வர்க்கமூலத்துக்காகக் கலப்பெண்கள் வந்தன. அது பேத்திக்கு இன்னும் பல ஆண்டுகள் கழித்துத்தான் வேண்டியிருக்கும்.

இப்போதைக்கு அவளுக்கு ஓர் எண்கோடு வரைந்து கொடு. உனக்கு நான் வரைந்து கொடுத்தபோது சுழியைத் தாளின் இடது ஓரத்திலேயே குறித்துவிட்டேன். அதற்கு அப்பால் பென்சில் போக இடமே இல்லை. நீ தாளின் நடுவில் சுழியைக் குறி. கோட்டை இரு பக்கமும் ஓரம் வரை இழு, ஆனால் இடப்பக்கம் எண் எதையும் எழுதாதே. மூன்றில் விரலை வைத்து ஐந்து அடி பின்னால் போகச் சொல். அவள் விரல் போய் நிற்கும் இடத்துக்கு என்ன பெயர் வைக்கிறாள் என்று ஞாயிற்றுக்கிழமை அவளே என்னிடம் சொல்லட்டும்.

அன்புடன்,
அம்மா