எங்களை அழகுற மேடையேற்றியவர்களுக்கு நன்றி

சுங்கை சிப்புட் வட்டார அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் கலைநிகழ்ச்சியில் எங்கள் மகளிர் குழு பாடியதைக் கேட்டவர்களுள் பலர், "குரலும் ஒன்று, கோலமும் ஒன்று" என்று மனமாரப் பாராட்டினீர்கள். குரலுக்காக நாங்கள் உழைத்தோம். உடையும் ஒப்பனையுமான அந்தக் கோலத்திற்காக உழைத்தவர்கள் மேடைக்கு வரவேயில்லை என்பதால், குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் தையற்கார அக்காவுக்கு. இடுப்பில் கட்டு இறுகினால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும், நீண்ட கார்வை (ஒரே சுரத்தை இழுத்து நிறுத்துவது) பிடிக்க வயிறும் விலாவும் விரிய வேண்டும் என்பதை எங்களிடம் கேட்டறிந்த அவர், உள்பாவாடைகளில் நாடாவை எடுத்துவிட்டு அகலமான பட்டை வைத்துத் தைத்தார். ரவிக்கைக்கு அளவெடுக்கும்போதும் ஒவ்வொருவரையும் மூச்சை ஆழ இழுக்கச் சொல்லி, அந்த நிலையிலேயே அளவு நாடாவைப் பிடித்தார். உச்ச ஸ்தாயியில் நின்று பாடியபோது அந்தக் கைநேர்த்தியின் அருமையை நாங்கள் உணர்ந்தோம். தனித்தனியே வாங்கினால் விளக்கொளியில் ஒவ்வொரு சேலையும் ஒவ்வொரு நீலமாகத் தெரியும் என்று சொல்லி, எல்லாருக்கும் ஒரே சாயத்தில் மயில்நீலச் சேலைகளைத் தருவித்துக் கொடுத்த ஜவுளிக்கடைக்காரருக்கும் நன்றி.

எங்கள் குழுவின் மூத்தவர்களுள் சிலர், விடியுமுன் நெற்றிவிளக்கோடு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர்கள். பவுடரைத் தவிர முகத்தில் எதையும் பூசியறியாதவர்கள். அவர்களுக்கு ஒப்பனை செய்த தங்கை காட்டிய பொறுமையை என்றும் மறவோம். தாடையோரம் இரண்டு மூன்று நிறங்களைத் தொட்டு வைத்து, மண்டபத்தின் வாசலுக்கு அழைத்துச் சென்று, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே பொருந்தும் நிறத்தைத் தேர்ந்தார். கொஞ்சம் வெளுப்பாகக் காட்டக் கேட்டவர்களிடம், "உங்க நிறத்துக்கு என்னம்மா குறை?" என்றார். துத்தநாக ஆக்சைடு மிகுந்த பூச்சுகள் கேமரா வெளிச்சத்தில் முகத்தைச் சாம்பல் பூத்ததுபோல் காட்டும் என்பதையும் அவரே விளக்கினார். பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் வாயசைவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, மினுமினுப்பில்லாத அடர்சிவப்பு உதட்டுச் சாயத்தைத் தேர்ந்தவரும் அவர்தான். கறுப்பு நிறத்தை மறைக்காமல் அதன் பொலிவை எடுத்துக்காட்டுவதே நல்ல ஒப்பனை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதையொட்டி, எங்களோடு பாடும் தாதி ஒருவரின் அறிவுரையையும் இங்கே குறிப்பிட வேண்டும். வெளுக்க வைப்பதாக விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கண்டறியப்பட்டுள்ளதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது என்று அவர் எடுத்துச் சொன்னதால், இரவுச் சந்தையில் அத்தகைய களிம்பு வாங்கவிருந்தவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள்.

மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களின் கண்கள் விளக்கொளியில் மறைந்துவிடாதபடி, சட்டத்தின் காதுப்பிடியைச் சற்றே உயர்த்தி வளைத்து, கண்ணாடி கீழ்நோக்கிச் சாயுமாறு செய்து தந்தார் கண்ணாடிக்கடை அண்ணன். அதற்கு அவர் காசு வாங்கவில்லை. வளையலும் கொலுசும் குலுங்கும் ஓசையை ஒலிவாங்கி பிடித்துவிடும் என்று ஒலியமைப்பாளர் முன்கூட்டியே சொன்னது பேருதவியாயிற்று. நெருங்கி நிற்கையில் மல்லிகை மணம் எங்களுள் ஒருவருக்குத் தொண்டையை உறுத்தும் என்று கேள்விப்பட்ட பூக்கடை அம்மா, தம் வீட்டுக் கொல்லையில் பூத்த மணமில்லாக் கனகாம்பரத்தைப் பறித்து, அனைவருக்கும் ஒரே அளவில் சரம் தொடுத்துக் கொடுத்தார். அவருக்கு எங்கள் சிறப்பு நன்றி.

இரவல் தந்த கல்தோடுகள், அட்டிகைகள், சேலை ஊக்குகள் யாவும் உரியவர் பெயரெழுதிய உறைகளில் பத்திரமாக உள்ளன. ஞாயிறு மாலைப் பயிற்சிக்கு முன் பொது மண்டபத்தில் பெற்றுக்கொள்ளலாம். வர இயலாத பெரியவர்களுக்கு வீட்டிலேயே கொண்டுவந்து ஒப்படைக்கிறோம்.

நன்றியுடன்,
மகளிர் பாடற்குழுவினர் சார்பில் ஒரு பாடகி,
சுங்கை சிப்புட், பேராக்