செயற்கைக்கோள் பாலிசியில் இரு பிழைகள்: மூன்றாவது முறையாகப் புகார்

அனுப்புநர்:
இயக்கப் பிரிவுப் பொறுப்பாளர்,
தனியார் செயற்கைக்கோள் நிறுவனம், சென்னை.

பெறுநர்:
மேலாளர், விண்வெளிக் காப்பீட்டுப் பிரிவு.

ஐயா,

530 கிலோமீட்டர் உயரத்தில் இயங்கும் எங்கள் செயற்கைக்கோளுக்கு ஏப்ரல் 1 முதல் ஓராண்டுக்கான பாலிசியை அனுப்பியிருக்கிறீர்கள். பிரீமியம் முழுவதையும் கட்டிவிட்டோம். பிழைகளைச் சுட்டிக்காட்டி இருமுறை எழுதியும் திருத்தம் வரவில்லை.

பழைய பாலிசி மார்ச் 31 முடியும் நள்ளிரவு 12 மணிக்கு, இந்திய நேரப்படி முடிகிறது. புதியது ஏப்ரல் 1, 00:00 மணிக்குத் தொடங்குகிறது; ஆனால் உலகப் பொது நேரமான யுடிசிப்படி. நமக்கு அப்போது காலை 5:30. இடையிலுள்ள ஐந்தரை மணி நேரத்தில் செயற்கைக்கோள் எந்தக் காப்பீடும் இல்லாமல் பூமியை மூன்று முறைக்குமேல் சுற்றிவிடும். "அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது?" என்றார் தங்கள் அலுவலர். 2016 செப்டம்பர் 1 அன்று அமெரிக்காவின் கேப் கனாவெரலில், ஏவுதலுக்கு முந்தைய சோதனைக்காக எரிபொருள் நிரப்பும்போதே ராக்கெட் வெடித்து, அதில் பொருத்தியிருந்த ஆமோஸ்-6 செயற்கைக்கோள் அழிந்தது. ஏவுதல் காப்பீடு அன்று தொடங்கியிருக்கவில்லை. முந்தைய கட்டத்துக்கென்று தனிக் காப்பீடு எடுத்திருந்தது அதன் உரிமையாளர்களைக் காப்பாற்றியது. எங்களுக்கோ அந்த ஐந்தரை மணி நேரத்துக்கு எதுவுமே இல்லை.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது 7ஆம் பக்கம். செயற்கைக்கோளைத் திசை திருப்பும் நான்கு சுழல்சக்கரங்களில் மூன்றாம் எண் சக்கரத்தில் உராய்வு கூடியிருப்பதை நாங்களே தெரிவித்தோம். ஆறு மாத வெப்பநிலைப் பதிவையும் இணைத்தோம். மறைத்திருந்தால் பாலிசியே செல்லாமல் போகலாம் என்பது எங்களுக்குத் தெரியும். மற்ற மூன்றும் நன்றாகச் சுழல்கின்றன. பணிக்கு அவையே போதும். தாங்களோ அந்த ஒரு சக்கரத்தை மட்டும் காப்பீட்டிலிருந்து விலக்காமல், "திசைநிலைக் கட்டுப்பாட்டு அமைப்பு முழுவதும்" விலக்கு என்று எழுதிவிட்டீர்கள். நாளை அதே அமைப்பில் விண்மீன்களைப் பார்த்துத் திசையறியும் விண்மீன் உணரி பழுதாகிப் படமெடுக்க முடியாமல் போனாலும் ஒரு ரூபாய் கிடைக்காது. அதற்கும் சேர்த்துத்தானே பிரீமியம் வாங்கினீர்கள்?

"கிளெய்ம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலை ஏற்க முடியாது. விபத்துக்குள்ளான லாரியைப்போல செயற்கைக்கோளைக் கொண்டுவந்து நிறுத்திக் காட்ட வழியில்லை. அன்று மேசைமேல் இருக்கப்போவது செயற்கைக்கோள் அனுப்பிய தரவுகள் அடங்கிய எங்கள் டெலிமெட்ரி பதிவும் தங்கள் பாலிசித் தாளும்தான்.

எனவே, தொடக்க நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி, விலக்கை மூன்றாம் எண் சக்கரத்துக்கு மட்டும் சுருக்கி, மார்ச் 25ஆம் தேதிக்குள் எண்டார்ஸ்மென்ட் (பாலிசித் திருத்த ஆவணம்) அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். வராவிட்டால் தங்கள் குறைதீர்ப்பு அதிகாரியிடமும், அடுத்து காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ அமைப்பிடமும் முறையிடுவோம். முந்தைய இரு கடிதங்களின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
இயக்கப் பிரிவுப் பொறுப்பாளர்