வகுப்பறைத் தொழில்நுட்பச் சாதனங்கள் தொடர்பான கோரிக்கை மனு

மாகாணக் கல்விப் பணிப்பாளர்,
கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம்,
திருகோணமலை.

ஊடாக: வலயக் கல்விப் பணிப்பாளர்

மதிப்பிற்குரிய ஐயா,

சாதனங்களைப் பாடத்துக்குப் பயன்படுத்த அதிபர்களுக்கு எழுத்துமூல ஆதரவு கோரல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாடசாலையொன்றில் கற்கும் பிள்ளைகளின் பெற்றோராகிய நாங்கள் பணிவுடன் தெரிவித்துக்கொள்வதாவது:

வெளிநாடுகளிலுள்ள பழைய மாணவர்கள் அனுப்பிய பணத்தில் எங்கள் பாடசாலைக்கு ஒரு ஸ்மார்ட் போர்டும் பத்து மடிகணினிகளும் வாங்கப்பட்டன. கையளிப்பு விழாவுக்குப் பின்னர் அந்த அறை பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அதிபரைக் குறைகூறுவது எங்கள் நோக்கமன்று. பொருட்பதிவேட்டில் ஏறிய சாதனத்துக்கு நட்டம் நேர்ந்தால் நிதிப் பிரமாணங்களின்படி விளக்கமளிக்க வேண்டியவர் அவரே; வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் ஒரு மவுஸ் குறைந்தாலும் கேள்வி அவரிடமே வருகிறது; அவற்றைக் கொண்டு எத்தனை பாடவேளைகள் நடந்தன என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. நிலைமை இவ்வாறிருக்க, எவர்தான் அறையைத் திறந்துவிடத் துணிவார்?

முன்பிருந்த அதிபரின் காலத்தில் பாடசாலையில் இருந்தது ஒரு பழைய புரொஜெக்டர் மட்டுமே. அவர் அந்த அறையின் திறப்பை ஆசிரியர்களிடமே கொடுத்திருந்தார். கலத்தின் அமைப்பைத் திரையில் காட்டத் தயங்கிய விஞ்ஞான ஆசிரியையின் வகுப்பில், பின்வாங்கில் தாமே போய் அமர்ந்து, "பழுதானால் நான் பதில் சொல்லுகிறேன், நீங்கள் படிப்பியுங்கள்" என்றாராம். எங்கள் பிள்ளைகள் அந்தப் பாடத்தை இன்றும் சொல்லுவார்கள்.

எனவே, கவனயீனமின்றிப் பாடத்துக்குப் பயன்படுத்தும்போது ஏற்படும் பழுதுக்கு அதிபரோ ஆசிரியரோ தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கப்படமாட்டார் என்பதை எழுத்தில் அறிவிக்குமாறும், மேற்பார்வைக்கு வரும் அதிகாரிகள் பொருட்பதிவேட்டுடன் பாவனைப் பதிவேட்டையும் பார்வையிட ஒழுங்கு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம். நகரில் நடக்கும் ஒருநாள் செயலமர்வுக்குச் சென்றுவரும் ஆசிரியர் மீண்டும் பூட்டிய அறைக்கே திரும்புவதால், ஆசிரிய ஆலோசகர்கள் பாடசாலைக்கே வந்து, அதிபரையும் பகுதித் தலைவர்களையும் உடன் வைத்துப் பயிற்சியளிப்பதே பயன்தரும். நேரசூசியில் அந்த அறைக்கெனப் பாடவேளைகளை ஒதுக்குவதையும் அப்போதே தீர்மானிக்கலாம். இங்கு இணைய இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுவதாலும், மாரியில் மின்சாரமும் நிலைப்பதில்லை என்பதாலும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலுள்ள தமிழ்மொழிப் பாடங்களை முன்கூட்டியே மடிகணினிகளில் பதிந்து தருவதற்கும் ஆவன செய்ய வேண்டும்.

அடுத்த தவணை ஆரம்பிக்கும் முன்னர் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர் சார்பில்
(ஒப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)