ஹோம்லேண்ட் செக்யூரிட்டி படிக்கப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு

வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சிக்காரர்களே,

வணக்கம். உங்களில் ஒருவர் கைகாட்டி அமெரிக்கா வந்து, ஹோம்லேண்ட் செக்யூரிட்டியில், அதாவது உள்நாட்டுப் பாதுகாப்புப் படிப்பில், முதுகலை முடித்தவன் நான். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சண்டைக்கும் வரவில்லை.

மாடியில் ஏ.சி. அறை. அப்பா மடியில் ஃபைலோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வீட்டுப் பத்திரத்தின் நகல். “கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத்தான் எல்லாரும் போறாங்க. இது புது ஃபீல்டு சார், போட்டி கம்மி. அந்த ஊர் கவர்மென்ட்டே வேலைக்கு எடுத்துக்கும்” என்றார் எதிரில் இருந்தவர். அவர் சொன்னது பொய் இல்லை. அந்த அரசு எடுக்கத்தான் செய்கிறது, அதன் குடிமக்களை.

அமெரிக்க மத்திய அரசின் பெரும்பாலான வேலைகளுக்குக் குடியுரிமை வேண்டும் என்று அதிபர் ஃபோர்டு 1976-லேயே ஆணை போட்டுவிட்டார். ரகசியக் கோப்புகளைப் பார்க்கத் தரும் ‘கிளியரன்ஸ்’ அனுமதியும், அபூர்வமான விதிவிலக்குகள் போக, குடிமக்களுக்குத்தான். அதனால் அரசுக்கு ஒப்பந்த வேலை செய்யும் கம்பெனிகள் பலவற்றின் கதவும் சாத்தப்பட்டுவிடுகிறது. குடியுரிமைக்கு முன்னால் கிரீன் கார்டு வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது இரண்டாவது செமஸ்டரில், இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்த இரவில்.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தீர்களே, மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம், அதன் தலையிலேயே ‘உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை’ என்று அச்சடித்திருக்கிறது. நான் கட்டிய 350 டாலர் செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணமும் அந்தத் துறைக்குத்தான். விமான நிலையத்தில் கைரேகை வாங்கியவர் அதன் ஆள். படிப்பு முடிந்து வேலை பார்க்க அட்டை கொடுத்ததும் அதன் இன்னொரு பிரிவு. 2003-ல் 22 அமைப்புகளை ஒன்றாகச் சேர்த்து இந்தத் துறை இயங்கத் தொடங்கியது என்று வகுப்பில் படம் போட்டு விளக்கினார்கள். அதன் பிரிவுகள் சிலவற்றை நான் வரிசையில் நின்றே படித்துக்கொண்டேன்.

படிப்பு மோசம் என்று சொல்ல மாட்டேன். தீவிரவாதம், எல்லை, விமான நிலையச் சோதனை இவைதான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். என்னைப் பிடித்து உட்கார வைத்தது புயல். 2004 ஜூலையில் லூசியானா அதிகாரிகள் ‘பேம்’ என்று ஒரு கற்பனைப் புயலுக்குப் பெயர் வைத்து, நியூ ஆர்லியன்ஸ் மூழ்கினால் என்ன செய்வது என்று ஐந்து நாள் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் கரையைத் தாண்டும், ஊர் கிண்ணம் மாதிரி நிரம்பும் என்பதெல்லாம் அதில் வந்தது. அடுத்த வருடம் ஆகஸ்ட் 29, கத்ரீனா என்ற நிஜப் புயல். கார் வைத்திருந்த பலரும் கிளம்பிவிட்டார்கள். கார் இல்லாத எத்தனையோ பேர் ஊருக்குள் மாட்டிக்கொண்டார்கள். ஒத்திகை நடந்த அதே 2004-ன் டிசம்பரில்தான் கடலூரில் எங்கள் தெருவுக்கு அப்பால் கடல் ஏறி வந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. தெரிந்திருந்தும் ஏன் நடக்கிறது என்ற கேள்விக்காகவே இந்தப் படிப்பு படிக்கலாம். ஆனால் அதை வீட்டுப் பத்திரத்தின் மேல் படிப்பதென்றால் வேலைக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?

அந்தக் கணக்கை உங்களால் சொல்ல முடியும். படிப்பு முடிந்ததும், மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க விடும் ஓபிடி அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம். அதற்குள் மொத்தம் 90 நாளுக்கு மேல் சும்மா இருந்தால் விசாவுக்கே ஆபத்து. எங்களுக்குத் திறக்கிற கதவுகள் மருத்துவமனை, மின்சாரக் கம்பெனி, குடிநீர் நிறுவனம், வங்கி இப்படித்தான். அந்த நாட்டின் முக்கியக் கட்டமைப்பில் பெரும்பகுதி தனியார் கையில் இருப்பதால் இந்த வேலைகள் உண்டு. ஆனால் மாணவர்களைத் தேடி வராது; வந்தாலும் விசாவுக்குக் கையெழுத்துப் போட முதலாளி சம்மதிக்க வேண்டும். நான் இப்போது பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு மருத்துவமனையில், மின்சாரம் போனால் நோயாளிகளை எந்த மாடியிலிருந்து முதலில் இறக்குவது என்று திட்டம் எழுதுகிறேன். அந்த மாதிரி இடங்களுக்கு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல் கிடையாது. இதை எனக்குச் சொன்னது ஒரு சீனியர். உங்கள் ஆபீசில் யாரும் சொல்லவில்லை.

கேட்பது இவ்வளவுதான்: முன்பணம் வாங்குவதற்கு முன்னால், அப்பா அம்மா எதிரிலேயே, “இந்தத் துறையில் அரசு வேலை உங்களுக்குக் கிடைக்காது” என்று தமிழில் ஒரு வரி சொல்லுங்கள். பாதிப் பேர் எழுந்து போவார்கள்தான். மீதிப் பேர் தெரிந்து வருவார்கள். அப்புறம், ஆசையாக இருக்கிற பிள்ளையிடம் அந்த நாட்டுப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் ஐஎஸ்-100 என்ற அறிமுகப் பாடத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இணையத்தில் காசில்லாமல் இருக்கிறது, சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

போன வாரம் விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி ஃபோன் செய்தான். இதே படிப்புதானாம். “கவர்மென்ட் வேலைன்னு சொன்னாங்கண்ணா” என்றான். நான் விவரம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “எதுக்கும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்” என்று வைத்துவிட்டான். திங்கட்கிழமை அவன் அப்பா பேங்குக்குப் போகிறார். அவன் உங்களில் யாரிடம் வரப்போகிறான் என்று எனக்குத் தெரியாது. வந்தால் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடலூர்க்காரன் ஒருவன்