அந்த டப்பாவை இப்போதைக்கு மூடி வை

கோவை
ஞாயிறு காலை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. நடுவில் இரண்டு நாள் பேரன் காய்ச்சலில் போய்விட்டது. இப்போது தேவலை, இட்லி கேட்கிறான். என் முழங்கால் வலி அப்படியேதான். சரி, என் கதை கிடக்கட்டும்.

அண்ணனுக்குத் தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது, கஞ்சிகூட இறங்கவில்லை என்று படித்ததும் போன் போடத்தான் கை போனது. ஆனால் நீ கேட்டிருக்கும் கேள்விக்குப் போனில் பதில் சொன்னால் பாதிதான் மனசில் நிற்கும். அதனால் எழுதுகிறேன். முதலில் பதில்: சின்னவள் அனுப்பிய அந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையை இப்போதைக்குக் கொடுக்காதே. நாளைக்கே டப்பாவோடு டாக்டரிடம் போய்க் காட்டு.

"உடம்புக்கு நல்லதுதானே" என்று எழுதியிருந்தாய். நல்லதுதான். ஆனால் அந்த உடம்புக்குள் புற்றுநோய்ச் செல்லும் இருக்கிறதே, சிக்கல் அங்கேதான்.

ஹாஸ்டலில் நீ சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? வார்டன் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியதும் வெள்ளையாக நுரைத்தது. ஆசிட் ஊற்றிவிட்டதாக நீ கத்தினாய். உன் ரத்தத்தில் இருந்த கேட்டலேஸ் என்ற என்சைம் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துக்கொண்டிருந்தது. அந்த ஆக்சிஜன்தான் நுரை. வார்டன் ஊற்றியது பாட்டிலில் இருந்தது. அதே சரக்கைச் செல்கள் மூச்சுவிடும்போதே துளித்துளியாகத் தயாரிக்கின்றன. அதை அடக்க கேட்டலேஸ் மாதிரி என்சைம்கள், குளுட்டாதயோன் என்கிற சின்ன மூலக்கூறு என்று ஒரு காவல்படையே செல்லுக்குள் உண்டு. ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை செய்வதும் இதே காவல் வேலைதான். இந்தக் காவல் இல்லாவிட்டால் டிஎன்ஏ அடிபடும், புற்றுநோய்க்கு அதுவே வழி. அதுவரை நீ சொல்வது சரி.

காவலுக்கு மேலாள் என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம். அதை வாசலில் கட்டிப்போட்ட நாய் என்று வைத்துக்கொள். கீப்1 என்ற இன்னொரு புரதம்தான் சங்கிலி. செல்லுக்குள் பெராக்சைடு மாதிரி ஆக்ஸிஜன் நச்சு ஏறினால் சங்கிலி கழன்று, நாய் உட்கருவுக்குள் ஓடிப் பாதுகாப்பு ஜீன்களையெல்லாம் எழுப்பிவிடும். என்.ஆர்.எஃப்.2 இல்லாத எலிகளுக்குப் பென்சோபைரீன் கொடுத்தால், அதாவது சிகரெட் புகையில் இருக்கிற அதே விஷத்தைக் கொடுத்தால், வயிற்றில் கட்டிகள் கூடுதலாக வருகின்றன. ஆனால் நுரையீரல் புற்றுநோய்களில் கணிசமானவற்றில் கீப்1 ஜீனே கெட்டுப்போயிருக்கிறது. சங்கிலி அறுந்த நாய். அது இப்போது வீட்டுக்குள் குடியேறிவிட்ட திருடனுக்கு ராப்பகலாகக் காவல் காக்கிறது. கீமோ மருந்தையும் ரேடியேஷனையும் அந்தச் செல் தாங்கிக்கொள்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இது தெரியவருவதற்கு முன்பே பின்லாந்தில் ஒரு பாடம் படித்தார்கள். மஞ்சள், பச்சைக் காய்கள் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்தது. அப்படியானால் அதிலுள்ள பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்டை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று, 50 முதல் 69 வயதுவரை புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைத் தேர்ந்தெடுத்து வருடக்கணக்காகக் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 18 சதவீதம் அதிகமாக நுரையீரல் புற்றுநோய்! யாரும் நம்பவில்லை. அமெரிக்காவில் இதே மாதிரி ஓடிக்கொண்டிருந்த இன்னொரு சோதனையில் 28 சதவீதம் அதிகம் என்று தெரிந்ததும் 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். நான் லேபில் சேர்ந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் தலைமை அம்மா அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் சுவீடனில் யோத்தபோரி நகரத்து மார்ட்டின் பெர்யோ குழு. நுரையீரல் கட்டி வந்த எலிகளுக்கு வைட்டமின் ஈ-யும், என்.ஏ.சி. என்ற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி வேகமாக வளர்ந்தது. 2014-ல் வெளியான வேலை. டிஎன்ஏ அடிபட்டால்தான் பி53 என்ற புரதம் விழித்துக்கொண்டு அந்தச் செல்லை நிறுத்தும். மாத்திரை அடியைக் குறைத்ததால் பி53 தூங்கிவிட்டது. அடுத்த வருஷம் என்.ஏ.சி. கொடுத்த தோல் புற்றுநோய் எலிகளில் முதல் கட்டி அப்படியே இருக்க, நிணநீர் முடிச்சுகளில் பரவுவது கூடியது. நீ எழுதி அனுப்பிய லேபிளில் மூன்றாவது பெயர் என்.ஏ.சி., பார்த்தாயா? பாரசிட்டமால் அதிகமாகச் சாப்பிட்டவர்களைக் காப்பாற்றும் அருமையான மருந்துதான் அது. இடம் வேறு.

இனி அண்ணன் விஷயம். ரேடியேஷன் கதிர் செல்லுக்குள் இருக்கிற தண்ணீரை உடைக்கிறது. அதில் பிறக்கும் துடியான மூலக்கூறுகள்தான் பெரும்பாலும் கட்டியின் டிஎன்ஏ-வை அறுக்கின்றன. நாம் காசு கொடுத்து அனுப்புகிற ஆயுதமே அதுதான், அதை மாத்திரை போட்டு நாமே மழுங்கடிப்பானேன்? கனடாவில் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்த 540 பேரிடம் இதைச் சோதித்தார்கள். வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு ரேடியேஷனின் கடுமையான பக்கவிளைவு குறைந்தது உண்மை. நீ ஆசைப்படுவதும் அதற்குத்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் வருடங்கள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது மாத்திரைப் பக்கம்தான் இறப்பும் கூடுதலாக இருந்தது. வைட்டமின் ஈ அளவு 400 யூனிட். உன் டப்பாவிலும் அதே 400.

பழம், காய், கீரைக்கெல்லாம் பயப்படாதே. பப்பாளியோ கேரட் கூழோ எது இறங்குகிறதோ கொடு. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த நெல்லிக்காய் லேகியம், மஞ்சள் கேப்ஸ்யூல் உட்பட வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டால் நாம் மாத்திரையை மட்டும்தான் சொல்வோம். லேகியத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாய்ப்புண்ணுக்கு மரத்துப்போக வைக்கும் மருந்து எழுதித் தருவார்கள், கூச்சப்படாமல் கேள்.

சின்னவளைத் திட்டாதே. பத்து கடை தேடி அலைந்திருக்கும் அந்தப் பெண். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டு டப்பாவாக வாங்கி அனுப்பியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியில் வருகிறேன். ரசத்தில் மிளகு போடாமல் வை, அண்ணனோடு நானும் அதையே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

உன்
ராஜி