ஒரு வீட்டுப் பொருள்களைப் பிரித்து வைக்காதீர்கள்

பழங்காலக் கிரேக்கப் பொருள்களைக் காத்துவரும் அருங்காட்சியகக் காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். சுடுமண் பொம்மைகளை ஒரு கண்ணாடிப் பேழையிலும், விளக்குகளை அடுத்ததிலும், தறிக்குண்டுகளை ஏதோ ஒரு மூலையிலும் வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இதை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

வட கிரேக்கத்தின் ஒலிந்தஸ் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 348-இல் மாசிடோனிய அரசர் இரண்டாம் பிலிப் அதைப் பிடித்து அழித்தார். பிழைத்திருந்த மக்களை அடிமைகளாக விற்றார். அவர் பெயர் பொறித்த ஈயக் கவண்குண்டுகள்கூட அங்கே கிடைத்திருக்கின்றன. கொள்ளை போனது போக மிஞ்சிய வீட்டுச் சாமான்கள் மண்ணுக்குள் போயின.

1928-க்கும் 1938-க்கும் இடையே நான்கு அகழாய்வுப் பருவங்களில் டேவிட் ராபின்சன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளைத் தோண்டினார். இன்றைய கண்ணுக்கு அது அவசர வேலைதான். ஆனாலும் எந்தப் பொருள் எந்த வீட்டில், எந்த அறையில் கிடைத்தது என்று நிறையவே எழுதி வைத்தார். அந்தக் காலத்தில் அது அரிது. பிற்பாடு நிக்கோலஸ் கேஹில் என்ற ஆய்வாளர் அந்தப் பதிவுகளைக் கொண்டு பொருள்களை அறை அறையாகத் திரும்ப அடுக்கிப் பார்த்தார். அதன் பிறகுதான் அந்த வீடுகள் பேசத் தொடங்கின.

தறிக்குண்டையே பாருங்கள். செங்குத்தாக நின்ற தறியில் பாவு நூல்கள் மேலிருந்து தொங்கும். அவை தொய்யாமல் இருக்கக் கீழே கட்டுவது இந்த மண்குண்டு. தனியாகப் பார்த்தால் துளை போட்ட ஒரு களிமண் உருண்டை, அவ்வளவுதான். ஆனால் அதே குண்டுகள் ஒரே அறையில் குவியலாகக் கிடைத்தால், அங்கே ஒரு தறி இருந்திருக்கலாம் என்று தெரிகிறது. முற்றத்து வெளிச்சம் வரும் இடமா என்று அடுத்துப் பார்க்கலாம். ஒரு வீட்டின் தேவையை மிஞ்சும் அளவுக்குக் குண்டுகள் இருந்தால், விற்பனைக்கு நெய்தார்களா என்றும் கேட்கலாம்.

பொம்மைகளும் அப்படியே. அச்சில் எடுத்த பெண் உருவங்கள், விலங்குகள், கைகால் ஆடும் பாவைகள். இவை கல்லறைக்கும் கோயிலுக்கும் உரியவை என்றுதான் நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். ஒலிந்தஸில் எத்தனையோ உருவங்கள் வீடுகளிலிருந்தே வந்தன. இருபது பொம்மைகளை வரிசையாக நிறுத்தினால் கொண்டை எப்படி மாறியது என்று தெரியும். சரி, அதுவும் வேண்டியதுதான். ஆனால் ஒரு பொம்மையை அது கிடந்த அறையின் விளக்கோடும் சமையல் சட்டியோடும் வைத்துப் பார்த்தால்தான், அதை யார் வைத்திருந்தார்கள், எதற்கு வைத்திருந்தார்கள் என்ற கேள்வியே பிறக்கும். ஊரை விட்டு இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லாப் பேழைகளையும் கலைக்கச் சொல்லவில்லை. ஒரு கூடத்தில் ஒரே ஒரு வீட்டை முழுசாக வையுங்கள்: அரைவைக்கல், குளியல் தொட்டி, நாணயம், உடைந்த தட்டு எல்லாம் சேர்த்து. அதற்கும் இடமில்லை என்றால் பெயர்ச்சீட்டிலாவது மாற்றம் செய்யுங்கள். ‘பெண் உருவம், சுடுமண், கி.மு. 4-ஆம் நூற்றாண்டு’ என்பதற்குக் கீழே எந்த வீடு, எந்த அறை, பக்கத்தில் என்ன கிடந்தது என்று இன்னொரு வரி சேருங்கள்.

அன்புடன்,
ஒரு பார்வையாளர்