சோதனையில் தாங்கியது பறக்கையில் தாங்குமா?

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தனசேகர்,

இங்கு அனைவரும் நலம். பூங்குழலி மகேந்திரகிரியில், இஸ்ரோவின் ராக்கெட் இயந்திரச் சோதனை மையத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்பதை ஸ்டோர்ஸ் கோவிந்து சொல்லித்தான் நான் அறிய வேண்டுமா? புதுச்சேரிக்குப் போனதும் கடலூர் அவ்வளவு தூரமாகிவிட்டதா? குழந்தைக்கு என் ஆசிகள்.

அந்தச் செய்தி கேட்டதிலிருந்து அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் உருவாக்கிவரும் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் சோதனைகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 2025 ஜூனில் டெக்சாஸில், இயந்திரங்களை எரித்துப் பார்ப்பதற்காக எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தபோதே அந்த ராக்கெட்டின் மேல்நிலை வெடித்துச் சிதறியதே, அதற்குக் காரணம் மூக்குப் பகுதியில் இருந்த ஒரு நைட்ரஜன் சிலிண்டர். தாங்கும் என்று சோதித்து முத்திரையிட்ட அழுத்தத்துக்கும் கீழேயே அது உடைந்திருக்கிறது. பாய்லர் பிரிவில் நாம் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்த்து நிற்போம். வெல்டு வியர்த்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த நைட்ரஜன் சிலிண்டரைப்போலக் கார்பன் இழை சுற்றியதிலோ, உள்ளே இழை நைந்திருந்தாலும் மேற்பரப்பு பளபளவென்றே இருக்கும். இதுதான் என்னை உறுத்துகிறது.

தரையில் எவ்வளவு சோதித்தாலும் போதவில்லை என்பதற்கு அதே ஆண்டு ஜனவரியில் நடந்த ஏழாவது பறப்பே சாட்சி. பறக்கும்போது எழுந்த அதிர்வு, சோதனையில் கண்டதைவிடப் பல மடங்கு வலுவாக இருந்ததால் எரிபொருள் கசிந்து தீப்பற்றியது. சிதறல்கள் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளின் பக்கம் விழுந்தன. ஆகவே பறக்கவிட்டுத்தான் அறிய முடியும் என்று ஸ்பேஸ்எக்ஸ்காரர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். ஆனால் கீழே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மே மாதப் பறப்பில், முன்பே ஒருமுறை பறந்த கீழ்நிலையை, அதன் 33 இயந்திரங்களில் 29 பழையவையாகவே இருக்க, மீண்டும் ஏவிக் காட்டினார்கள். மலைப்பாகத்தான் இருந்தது. இறங்கும் வேளையில் அது அழிந்துபோனாலும், ஏறும்போது அந்த இயந்திரங்கள் அத்தனையும் எரிந்தன.

நம் நாட்டிலும் முப்பது டன் சுமையைப் பூமிக்கு அருகிலுள்ள தாழ்வட்டப் பாதைக்குத் தூக்கக்கூடிய, கீழ்நிலையை மறுபடி பயன்படுத்தும் ராக்கெட்டுக்கு 2024இல் அனுமதி கிடைத்திருக்கிறது. திரும்பி வந்ததை எத்தனை முறை நிரப்பலாம், எதைக் கழற்றிப் பார்க்க வேண்டும், மறுபடி பறக்கலாம் என்று கையெழுத்திடுபவர் யார் என்பதையெல்லாம் வடிவமைக்கும்போதே எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பூங்குழலி விடுமுறைக்கு வந்தால் இங்கே அனுப்பிவை. அவளிடம் கேட்க நிறைய இருக்கிறது.

அன்புடன்,
வேணு